தூங்கும் கோபுரத்தின் காவலர்

கண்ணாடிக் கடைக்காரருக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை கிடையாது, சகலையைத் தவிர. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எதிர்க்கடைக்காரர் மாடி எடுத்துக் கட்டியபோது முதல் ஆளாகப் போய் வாழ்த்திவிட்டு வந்தவர் இவர். கூடப் படித்தவன் பெரிய பதவிக்குப் போனதை நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டவரும் இவர்தான். ஆனால் சகலை ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிவிட்டால் போதும், இவருக்கு அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

சகலை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மேற்குக் கிராமத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். இவர் இந்தப் பக்கம், கிழக்குக் கிராமத்தில் கண்ணாடி அறுத்து, படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கட்டியவர் இவர். தங்கையைக் கட்டியவர் அவர். ஆகவே முறைப்படி இவர்தான் மூத்தவர். மற்றபடி வண்டி வாங்கியது, வீட்டுக்குத் தளம் போட்டது, தலை நரைக்காமல் இருப்பது என்று எதை எடுத்தாலும் சகலைதான் முந்திக்கொண்டிருந்தார். அதிலும் மோசம், சகலை நல்ல மனுஷர். நல்ல மனுஷர்மேல் பொறாமைப்படுவது எத்தனை சிரமம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். திட்டக்கூட ஒரு காரணம் கிடைக்காது.

இந்த நிலைமையில்தான் மேற்குக் கிராமத்துக்குக் கோபுரம் வந்தது.

ஊரகக் கம்பியில்லா இணையச் சிக்கன வாரியம் என்று ஒன்று உண்டு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் ஜனங்கள் வாரியம் என்று மட்டும் சொன்னார்கள். கிராமங்களுக்குக் கம்பி இழுக்காமல், வெயிலில் ஓடும் கோபுரங்களை நட்டு, மிகமிகக் குறைந்த மின்சாரத்தில் இணையம் தருவது அதன் வேலை. நல்ல வேலைதான், யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்வதாக இருந்தால் இணையம் வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்று வாரியம் விதி வைத்திருந்தது.

ஒரு நாள் காலையில் சகலை ஒரு தட்டு முட்டையோடு கடைக்கு வந்தார். முட்டையை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அதில் கண்ணாடிக் கடைக்காரரின் ஒரே மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். நேற்று பேசியபோது எடுத்த படமாம்.

"பாருங்கண்ணே, முகம் எப்படி தெளிஞ்சு இருக்குன்னு. மாசமா இருக்கற பொண்ணு, கன்னம் கொஞ்சம் பூசுன மாதிரி இருக்கு. சித்தப்பா சித்தப்பான்னு ஒரு மணி நேரம் பேசினா. உங்க ஊருக்குக் கோபுரம் இன்னும் வரலியா?"

கேட்டது பாசத்தோடுதான். கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மகள் கல்யாணமாகிப் புருஷனோடு தூர தேசத்தில் இருந்தாள். இரண்டு பேருக்கும் வேலை, லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. இவர்கள் ஊரில் போனில் குரல் கேட்கும், அதுவும் காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து. முகம் பார்ப்பதென்பது கனவு. பெற்றவன் பார்க்காத முகத்தைச் சகலை உட்கார்ந்த இடத்தில் பார்த்துவிட்டார் என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை. அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு வாரியத்தின் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகம் இருட்டாக இருந்தது. சிக்கனத்துக்காக விளக்கு போடுவதில்லையாம். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வரும்; ஆனால் ஜன்னல் ஓரத்தில் சிக்கனம் பற்றிய விளம்பரப் பலகைகளை அடுக்கி வைத்திருந்ததால் திறக்க வழியில்லை. ஊழியர்கள் கோப்புகளை மூக்கோடு ஒட்டவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். மண்டல அதிகாரியின் அறையில் மட்டும் குளிர்சாதனம் ஓடியது. அவர் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"குளிர் அதிகமா இருக்கே சார், கொஞ்சம் குறைச்சு வைக்கலாமே" என்றார் கடைக்காரர்.

"குறைக்கற ரிமோட்டுக்கு பேட்டரி வேணும். பேட்டரியும் சக்திதானே? நாங்க எந்த சக்தியையும் வீணாக்க மாட்டோம்" என்றார் அதிகாரி. "உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க ஊருக்கு இணையம் வேணும் சார். பொண்ணு முகத்தப் பாக்கணும்."

அதிகாரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதுதான் ஜனங்க பண்ற தப்பு. இணையம் கொடுக்கறது எங்க வேலை இல்லை. மின்சாரத்த மிச்சம் பண்றதுதான் எங்க வேலை. மிச்சம் பண்ணணும்னா முதல்ல எதையாவது கொடுத்தாகணும் இல்லையா? அதுக்காக ஒரு கோபுரம் கொடுக்கறோம். கொடுத்துட்டு, அத எவ்வளவு கம்மியா உபயோகிக்கறீங்கன்னு பாக்கறோம். பக்கத்துப் பக்கத்து ஊரா ரெண்டு ஊருக்கு ஒரு போட்டி. ஒரு வருஷம் முடிஞ்சதும் எந்த ஊர் கம்மியா செலவழிச்சுதோ அதுக்கு முதல் பரிசு, நிரந்தர அங்கீகாரம். இன்னொரு ஊர்க் கோபுரத்தப் பத்தி அப்புறம் வாரியம் முடிவு பண்ணும்."

"மேற்குக் கிராமத்துக்கு ஜோடி நாங்கதானா சார்?"

"நீங்க ஒத்துக்கிட்டா நீங்கதான். அவங்க கொஞ்சம் செலவாளி. ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டுல மட்டும் தினம் ஒரு மணி நேரம் ஓடுது."

கண்ணாடிக் கடைக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அரசு அலுவலகம் பிடித்துப்போனது. சகலை வீட்டு மொட்டைமாடிக்கு எதிரே நிற்கிற கோபுரத்தை ஆட்கள் கழற்றி லாரியில் ஏற்றுவதும், சகலை முட்டைத் தட்டோடு நின்று பார்ப்பதும் அவர் கண் முன்னால் ஓடின. ஒத்துக்கொண்டார். ஊரில் ஒருவர் சிக்கனக் காவலராகப் பொறுப்பெடுக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னபோது, அதற்கும் ஒத்துக்கொண்டார். ஒரு கைப்பட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

கோபுரத் திறப்புவிழாவுக்கு வாரியத்திலிருந்து பதினைந்து கார்கள் வந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு வியர்க்கக் கூடாது என்று விழா முடியும்வரை எல்லாக் கார்களும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கிக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் போட்டார்கள். அது போட்ட சத்தத்தில் சிக்கனத்தைப் பற்றி யார் பேசியதும் காதில் விழவில்லை. ஆகவே இன்னும் பெரிய ஒலிபெருக்கி வரவழைத்து, அதற்கு இன்னொரு ஜெனரேட்டர் போட்டார்கள்.

வாரியத் தலைவர் பேசினார். "இந்தக் கோபுரம் எங்க விஞ்ஞானிகளோட சாதனை. உபயோகம் இல்லாத நேரத்துல இது தானா தூங்கிடும். தூங்கறப்போ மின்சாரமே எடுக்காது. முழிச்சிருந்து வேலை செய்யறப்பதான் கொஞ்சம் எடுக்குது. அது ஒண்ணுதான் இதுல குறை. அந்தக் குறையையும் நிவர்த்தி பண்ண ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு."

கூட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர் எழுந்து, தூங்குகிற கோபுரத்தை எப்படி எழுப்புவது என்று கேட்டார்.

"ரொம்ப சுலபம். வாரியத்தோட இணையதளத்துக்குப் போய் எழுப்பும் விண்ணப்பம் போட்டா எழுந்துடும்."

"அது தூங்கறப்போதான் எங்களுக்கு இணையமே இருக்காதே?"

"பாருங்க" என்று தலைவர் மேடையில் இருந்தவர்களைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். "கிராமத்து ஆளுங்களே நம்ம தொழில்நுட்பத்த எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கறாங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். டிராக்டர்காரரும் குழப்பத்தோடு தட்டினார்.

முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இரவும் பகலும் யாராவது உபயோகித்துக்கொண்டே இருந்ததால் கோபுரம் தூங்க நேரமில்லை. கண்ணாடிக் கடைக்காரரும் மனைவியும் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார்கள். மனைவி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மகள் வயிற்றைக் காட்டி, "அப்பா, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்கச் சகலையை அவர் ஒருதரம்கூட நினைக்கவில்லை.

வாரக் கடைசியில் வாரியத்து ஆள் வந்து, வாய்க்கால் பாலத்தில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார். அதில் இரண்டு ஊர்களின் மின்சாரச் செலவும் எழுதியிருந்தது. கிழக்குக் கிராமம் மேற்கைவிடக் கூடுதலாகச் செலவழித்திருந்தது. மேற்குக் கிராமத்தில் அந்த வாரம் பாதி ஊர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பலகையில் அதெல்லாம் எழுதவில்லை. சகலை பாலத்தில் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, நாங்க ஜெயிச்சிடுவோம் போலிருக்கே!" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பலகை அங்கே இருப்பதையே மறந்துபோனார். கண்ணாடிக் கடைக்காரர் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே கைப்பட்டையை மாட்டிக்கொண்டு விசிலோடு தெருவில் இறங்கினார்.

முதலில் சினிமா பார்ப்பதை நிறுத்தினார். பிறகு பாட்டு. பிறகு பள்ளிக்கூட ஆசிரியை பிள்ளைகளுக்குத் திமிங்கலம் நீந்துவதைக் காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே புகுந்து விசில் ஊதினார். திமிங்கலத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாமே, அசையாவிட்டால் என்ன, என்பது அவர் வாதம். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. "ஒரு வருஷம் பொறுங்க. ஜெயிச்சிட்டா நிரந்தரமா நமக்குத்தான். அப்புறம் விடிய விடியப் பாருங்க" என்று வீடு வீடாகச் சொன்னார். மேற்குக் கிராமத்தை ஜெயிப்பது என்ற எண்ணத்தில் ஒரு ருசி இருந்ததால் ஊரும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எல்லா வீட்டிலும் ஒரு சகலை இருக்கத்தான் செய்கிறார்.

வாரியம் மகிழ்ந்துபோய் ஆய்வுக்குழு ஒன்றை அனுப்பியது. குழு கோபுரத்தடியில் 'உறங்குகிறது, சத்தம் போடாதீர்' என்று அறிவிப்பு நட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் சைக்கிள் மணி அடிக்கக் கூடாது என்றது. கோபுரம் தூங்குவதை மேற்பார்வையிட ஒரு பொறியாளரைப் போட்டது. அவருக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு மின்விசிறி, மின்விசிறிக்கு ஊருக்கு வருகிற சாதா மின்சாரம். அந்தச் செலவு கோபுரத்தின் கணக்கில் வராது என்று விதியில் தெளிவாக இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தன் பங்குக்கு, கடையிலேயே பெரிய கண்ணாடி அலமாரி ஒன்று செய்து, ஊர்க்காரர்களின் கைப்பேசிகளை எல்லாம் பகலில் அதற்குள் வரிசையாக வைத்துப் பூட்டினார். வேண்டியவர்கள் வந்து வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

செய்தி சாதா போனில் வந்தது. மனைவி அழுதாள், சிரித்தாள், பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, ஒரே ஒரு தடவ. அஞ்சு நிமிஷம். பேத்தி முகத்தப் பாத்துட்டு அணைச்சிடறேன்."

அவருக்கும் ஆசை நெஞ்சை முட்டியது. ஆனால் அந்த வாரம் பலகையில் இரண்டு ஊருக்கும் மயிரிழைதான் வித்தியாசம். "இப்ப வேண்டாம். ஜெயிச்சதுக்கப்புறம் நாள் பூரா பாக்கலாம்" என்றார்.

"உங்களுக்குப் பேத்தி பெருசா, என் தங்கச்சி வீட்டுக்காரர் பெருசா?"

அவர் விசிலை எடுத்துத் துடைத்தார். அவள் சேலையை மாற்றிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இருட்டிய பிறகு வந்தாள். முகம் பூரித்திருந்தது. மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் பலகையைப் பார்த்தபோது அவர் துள்ளிவிட்டார். மேற்குக் கிராமத்தின் செலவு எகிறியிருந்தது. ஏன் என்று யோசித்தார். புரிந்தது. தன் மனைவி சகலை வீட்டில் உட்கார்ந்து பேத்தியைப் பார்த்த நேரமெல்லாம் சகலை ஊரின் கணக்கில் ஏறியிருக்கிறது!

இப்படி ஒரு யுக்தி வாரியத் தலைவருக்குக்கூடத் தோன்றியிருக்காது. அன்றிலிருந்து மனைவியைத் தங்கை வீட்டுக்கு அனுப்புவதே அவருக்கு வேலையாகிவிட்டது.

"இன்னிக்குப் போகலியா?"

"நேத்துதானே போனேன்?"

"அதனால என்ன? பச்சக் குழந்தை, நாளுக்கு நாள் முகம் மாறும். போ, போய் நிதானமா பேசிட்டு வா. அவசரமே இல்ல. இங்க சமையல நான் பாத்துக்கறேன்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கூட வாழ்கிறவள், இந்த மனுஷர் சமையலைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பேத்தி ஆசை எதையும் கேள்வி கேட்க விடவில்லை. "நீங்களும் ஒரு நாள் வாங்களேன்" என்று மட்டும் சொல்வாள்.

"நானா? அவர் வீட்டுலயா? ஜெயிச்சதுக்கப்புறம் என் வீட்டுல பாத்துக்கறேன்" என்பார் அவர்.

அப்படியே மாதங்கள் ஓடின. மனைவி சேதி கொண்டுவந்துகொண்டே இருந்தாள். குழந்தை குப்புற விழுந்தது, அதைச் சகலைதான் முதலில் பார்த்தார். பல் முளைத்தது, அதையும் அவர்தான் பார்த்தார். அவர் ஜாடை காட்டினால் கெக்கெக்கே என்று சிரிக்கிறதாம். ஒவ்வொன்றும் இவருக்கு முள்ளாகக் குத்தியது. குத்தினாலும், வாரக் கடைசியில் பாலத்துக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தால் மனசு ஆறிவிடும். மேற்கின் கணக்கு மலையாக ஏறியது. கிழக்கின் கணக்கு தேய்ந்து தேய்ந்து, கடைசியில் பூஜ்யத்தில் வந்து நின்றது. கோபுரத்தின் உச்சியில் இருந்த சிவப்பு விளக்கைக்கூட அவர் ஏணி போட்டு ஏறிக் கழற்றிவிட்டார்.

பரிசளிப்பு விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் முன்வரிசையில் இருந்தார். சகலையும் வந்திருந்தார், அண்ணனுக்குக் கைதட்டுவதற்காக. வாரியத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூஜ்யம் யூனிட்! நான் எத்தனையோ ஊர்களப் பாத்திருக்கேன். கம்மியா செலவழிச்ச ஊர் உண்டு. செலவே பண்ணாத ஊர் இதுதான். இணையத்த இவ்வளவு சிறப்பா உபயோகிச்சவங்க வேற யாரும் இல்லை. கிழக்குக் கிராமத்துக்கு முதல் பரிசு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் தொடர்ந்தார்.

"இந்த ஊர் ஒரு பெரிய உண்மைய அறிவியல்பூர்வமா நிரூபிச்சிருக்கு. கோபுரம் இல்லாமலே இவங்களால வாழ முடியும்! அப்படிப்பட்ட ஊர்ல ஒரு கோபுரத்த நிறுத்தி வைக்கறதே வீண் செலவு. ஆகவே இவங்க சிக்கனத்துக்கு நிரந்தர அங்கீகாரம் கொடுத்து, கோபுரத்த நாளைக்கே கழட்டிக்கறோம்."

கண்ணாடிக் கடைக்காரருக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகம் வந்தது.

"மேற்குக் கிராமம்" என்று தலைவர் குரலைக் கடுமையாக்கினார். "மண்டலத்துலயே கடைசி. வெக்கக்கேடு. ஒத்தக் கோபுரத்துல அத்தனை பாரத்தையும் ஏத்தினா மின்சாரம் வீணாகத்தான் செய்யும். ரெண்டு கோபுரம் இருந்தா பாரம் பிரியும், சிக்கனமாகும். அதனால கிழக்குல கழட்டறத மேற்குல கொண்டுபோய் நடறோம். இது அவங்களுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்."

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். "சார், நாங்க ஜெயிச்சோம் சார். ஜெயிச்சா எங்களுக்கு நிரந்தரம்னு சொன்னாங்க சார்."

"அங்கீகாரம் நிரந்தரம்" என்றார் மண்டல அதிகாரி, பக்கத்து நாற்காலியிலிருந்து. "கோபுரம்னு யாரும் சொல்லலியே. ஏதாவது ஆட்சேபம்னா இணையத்துல பதிவு பண்ணுங்க. பக்கத்து ஊர்ல நல்லா கிடைக்கும்."

மறுநாள் கோபுரத்தை லாரியில் ஏற்றினார்கள். ஊர் ஜனம் கடைக்கு வந்து அலமாரியிலிருந்து அவரவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனது. யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் கொஞ்ச நேரம் காலி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, மனைவியோடு வாய்க்காலைத் தாண்டினார்.

சகலை வாசலுக்கே ஓடிவந்தார். "வாங்கண்ணே, வாங்க! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" அவர் முகத்தில் ஜெயித்த களை துளிகூட இல்லை. அதுதான் இவரை மிகவும் வாட்டியது. கூடத்தில் மேசைமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து இவரை உட்கார வைத்தார்கள்.

திரையில் மகள் வந்தாள். "அப்பா!" என்றாள். ஒரு வருஷமாக முகம் காட்டாத அப்பாவை என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "பாப்பா, யாரு வந்திருக்காங்க பாரு! தாத்தா! தாத்தா சொல்லு!"

குழந்தைக்கு மனைவி சொன்ன மூக்கு அப்படியே இருந்தது. நெற்றி இவருடையது. இவர் திரைக்கருகில் குனிந்து பார்த்தார். குழந்தை இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு இவர் தோளுக்குப் பின்னால் எதையோ தேடியது. அங்கே சகலை நின்றிருந்தார். குழந்தை இரண்டு கையையும் நீட்டி, "தாத்தா!" என்று துள்ளியது.

சகலைக்கு முகம் வெளிறிப்போயிற்று. "அண்ணே, சத்தியமா நான் சின்னத் தாத்தான்னுதான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்குச் சின்ன-ங்கறது வாயில வரல" என்றார் தடுமாறி. பிறகு, "நான் கோழிக்குத் தீனி வெச்சிட்டு வந்துடறேன்" என்று திரைக்குத் தெரியாதபடி குனிந்து வெளியே நழுவினார்.

அவர் மறைந்ததும் குழந்தையின் உதடு பிதுங்கியது. புது ஆளைப் பார்த்து மிரண்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதது. "ஒண்ணுமில்லடா, தாத்தாடா, தாத்தா" என்று மகள் தேற்றத் தேற்ற அழுகை கூடியது. கண்ணாடிக் கடைக்காரர் சிரித்துப் பார்த்தார், நாக்கை நீட்டிப் பார்த்தார், கையை ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். சகலை கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, உள்ள வாங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "குழந்தை அழுவுது."

"நீங்க பேசுங்கண்ணே. கொஞ்ச நேரத்துல பழகிடுவா."

"அழுவுதுன்னு சொல்றேன்ல? வந்து பக்கத்துல உக்காருங்க."

இன்னொரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். சகலை தயங்கித் தயங்கி உட்கார்ந்ததும் குழந்தை அழுகையை நிறுத்தி, ஈரக் கண்ணோடு சிரித்தது. கைப்பேசியின் சின்னத் திரையில் இரண்டு பேர் முகத்துக்கு இடம் போதவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியை இன்னும் நெருக்கி, சகலையின் கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, பேத்தியைப் பார்த்துச் சிரித்தார்.